சிறைக்குப் பதில் சிகிச்சை: சட்டம் தரும் வாய்ப்பும் ஜமாஅத்தின் பொறுப்பும்

(சிங்கப்பெருமாள் கோவிலில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பஸ் ஏறும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். இரவு வேலை, கையில் சம்பளம், நண்பர்களோடு தனி அறை. இவை சேரும் இடத்தில் மதுவும் கஞ்சாவும் எளிதில் நுழைந்துவிடுகின்றன. பிறகு ஒரு நாள் காவல் நிலையத்திலிருந்து போன் வருகிறது. அப்போது என்ன செய்வது என்பதைத்தான் இன்று பேசுகிறோம்.

'வெளியே தெரிய வேண்டாம், அபராதத்தைக் கட்டி முடித்துவிடுவோம்' என்பதே பல குடும்பங்களின் முதல் எண்ணம். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினாலும் அது தண்டனைதான், பதிவில் நிற்கும். பிள்ளையின் பழக்கமும் அப்படியே இருக்கும். அடுத்த போனுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு வேறு வழியைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளை நினைவில் வையுங்கள். முதலாவது 64-ஏ. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினால், தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால், அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம்.

இரண்டாவது 39ஆம் பிரிவு. குற்றம் உறுதியான பிறகும், நீதிமன்றம் உடனே தண்டிக்காமல், அவருடைய சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்பலாம். பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, ஓராண்டுக்குள் மருத்துவ அறிக்கையோடு நீதிமன்றத்துக்கு வர வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால், அறிவுரை கூறி, மூன்றாண்டுக்கு மேற்படாத நன்னடத்தைப் பத்திரத்தில் விடுவிக்கலாம்.

சிறு அளவு என்பது கஞ்சாவுக்கு 1 கிலோ வரை, ஹெராயினுக்கு 5 கிராம் வரை. விற்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

போதைக்குக் காசு தேடிச் செல்போன் திருடியவர், குடிபோதையில் அடிதடியில் இறங்கியவர் போன்றோருக்கு 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் உள்ளது. நீதிமன்றம் அவரை நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடலாம்; போதைப் பொருளைத் தொடக் கூடாது என்றும் நிபந்தனை போடலாம். நம் மண்ணுக்கு இது புதிதன்று. சென்னை மாகாணத்தில் 1936லேயே இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது.

இவை தாமாக நடந்துவிடாது. வழக்கறிஞர் மூலம் கேட்க வேண்டும். முடிவு நீதிபதியின் கையில். வழக்கறிஞருக்கு வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உரிமை உண்டு.

சிகிச்சைக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. ரயிலில் இரண்டு நிலையம்தான். சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. தனியார் மையமானால் அரசு உரிமம் கேட்டுப் பாருங்கள். கட்டிப் போட்டு, அடித்துத் திருத்துகிறோம் என்பவர்களிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. நீண்ட காலம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. அதனால் வீட்டில் பூட்டி வைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடலிலிருந்து போதையை இறக்குவதற்குச் சில நாட்களோ வாரங்களோ போதும். பிறகு வரும் மாதங்கள்தான் கடினம். பழைய நண்பர்கள், பழைய அறை, கையில் வேலையில்லாத வெறுமை எல்லாம் சேர்ந்து இழுக்கும். நீதிமன்றம் தரும் அந்த ஓராண்டில் அவர் பக்கத்தில் நிற்பது யார்? அங்கேதான் ஜமாஅத்தின் வேலை தொடங்குகிறது.

மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சபையில் ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள் என்பது நாம் அறிந்த ஹதீஸ். தண்டனை முடிந்த பிறகும் அவர் நம் சகோதரர்தான். ஹராமை ஹராம் என்றே சொல்வோம். ஆளை ஒதுக்க மாட்டோம்.

எனவே மூன்று காரியங்களை வேண்டுகிறோம். ஜாமீன் கையெழுத்துப் போடப் பொறுப்பான பெரியவர்கள் முன்வர வேண்டும். மருத்துவமனை போகும் நாளில் கூலி இழக்கும் வீட்டுக்கு ஸதகாவிலிருந்து பயணச் செலவும் அரிசியும் தர வேண்டும். திரும்பி வருபவருக்குப் பள்ளிவாசல் ஸஃப்பில் இடம் இருப்பதுபோல், நம் கடைகளிலும் பட்டறைகளிலும் வேலை இருக்க வேண்டும்.

தாய்மார்களே, சந்தேகம் வந்த அன்றே 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணை அழையுங்கள். காவல் நிலையத்திலிருந்து போன் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நம் பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக. தடுமாறியவர்களுக்கு மீளும் வலிமையையும், நமக்கு அவர்கள் கையைப் பிடிக்கும் மனதையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.