பசிக்கு ஏது பகுதிநேரம்?

(கொல்லிமலை செம்மேடு தெருமுனைக் கூட்டத்தில் நமது ஐ.டி. விங் தம்பி பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளர் இல்லை. செல்போன்ல போஸ்ட் போடுற ஆள். ஆனா இதை உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும்னு வந்தேன்.

நான் இதே மலையில அரசுப் பள்ளியில படிச்சவன். ஏழாவது படிக்கும்போதுதான் முதன்முதலா கம்ப்யூட்டரைத் தொட்டேன். சொல்லிக்கொடுத்தவர் ஒரு பகுதிநேர ஆசிரியர். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவார். மதியம் கீழே இறங்கி, ராத்திரி வரைக்கும் ஜெராக்ஸ் கடையில நிப்பார். இன்ஜினியரிங் முடிச்சு நான் வாங்கின முதல் சம்பளமே அவர் சம்பளத்தைவிட அதிகம். அதை அவர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை.

6 முதல் 8 வரை 100 பிள்ளைகளுக்கு மேல படிச்சா, ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேணும்னு கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது. 2011-ல் அ.தி.மு.க. ஆட்சியில 16,549 பேரை எடுக்க ஆணை போட்டாங்க. வாரத்துக்கு மூணு அரை நாள். மாசம் 5,000 ரூபாய். மே மாசம் சம்பளம் கொடுக்கலை!

2021 தேர்தல்ல தி.மு.க. கொடுத்த வாக்குறுதி எண் 181: பணி நிரந்தரம். அது 2024-ல் 12,500 ரூபாய் சம்பளமாத்தான் வந்துச்சு.

அந்த 2024 சம்பளத்தைக் கணக்குப் போடுங்க. 11 மாசத்துக்கு 1,37,500. அதை 12 மாசத்துக்குப் பிரிச்சா, மாசம் 11,500 கூட வரலை. வாடகை, பிள்ளைங்க படிப்பு, பஸ் காசு எல்லாம் அதுக்குள்ளதான் இருந்துச்சு.

"மிச்ச நேரத்துல வேற வேலை பார்க்கலாமே"ன்னு சிலர் கேக்குறாங்க. பார்க்குறாங்களே! ஆட்டோ ஓட்டுறாங்க, துணி தைக்கிறாங்க, டியூஷன் எடுக்குறாங்க. உழைப்புல கேவலம் இல்லை. ஆனா இந்த மலைக்கு ஒரு தடவை ஏறி இறங்கினாலே பகல் போச்சு. சம்பளம்தான் அரை நாளுக்கு, அலைச்சல் முழு நாளுக்கு.

நஷ்டம் அவருக்கு மட்டுமா? தூக்கம் கெட்ட கண்ணோட வகுப்புக்கு வந்தா, நம்ம பிள்ளைங்களுக்கு என்ன கிடைக்கும்? காசு கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு வாரம் முழுக்க கம்ப்யூட்டர் சார், பி.டி. சார். மலைப் பிள்ளைக்கு மூணு அரை நாளா?

நாம கேக்குறது சலுகை இல்லை. முழுநேர வேலை, காலமுறை ஊதியம், பணி நிரந்தரம். வாத்தியார் வாத்தியார் வேலை மட்டும் பார்த்துக் குடும்பம் நடத்தணும். அவ்வளவுதான்.

உங்களுக்குப் பாடம் எடுத்த பகுதிநேர ஆசிரியரை நினைச்சுக்கிட்டே இதைப் பகிருங்க.

#பணிநிரந்தரம் #பகுதிநேரஆசிரியர்கள் #கொல்லிமலை