மாதத் தவணையை மட்டும் பார்க்காதீர்கள், மொத்தக் காசைக் கேளுங்கள்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள், இளைஞர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசும் இந்த மேடையில் இன்று புது பைக் வாங்குவதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதுவும் சம்பளத்தைப் பற்றிய பேச்சுத்தான். போராடி வாங்கிய சம்பள உயர்வு கடையில் போடும் ஒரு கையொப்பத்தோடு போய்விடக்கூடாது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஹட்டனிலும் பதுளையிலும் கடை வாசலில் மறுபடியும் புது பைக்குகள் நிற்கின்றன. மேற்கணக்கில் இருக்கிறவர்களுக்கு பைக் ஆடம்பரம் இல்லை. இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், பிள்ளையை டவுன் பள்ளிக்கூடத்தில் விடவும், வெளிவேலைக்குப் போய்வரவும் அது வேண்டும். ஆகவே வாங்க வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கேட்டு வாங்குங்கள் என்றுதான் சொல்ல வந்தேன்.

சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் நாம் என்ன பார்க்கிறோம்? பிடித்தத்தைப் பார்க்கிறோம். ஒரு பேர் குறைந்திருந்தால் கணக்கப்பிள்ளையை விடமாட்டோம். அதே ஆட்கள் பைக் கடைக்குப் போனால், "மாதம் எவ்வளவு கட்டணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையொப்பம் போடுகிறோம். கடைக்காரர் தரும் பில்லும் ஒரு சீட்டுத்தான். அதிலும் பிடித்தம் இருக்கிறது.

அந்தப் பிடித்தங்கள் என்னென்ன? பதிவுச் செலவு, நம்பர் பிளேட், கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஏற்றுக்கூலி, லீசிங் பத்திரச் செலவு, காப்புறுதி, அதற்கு மேல் கிராஷ் பார், சீட் கவர், ஹெல்மெட். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். இது அரசாங்கத்துக்குப் போகிறதா, கடைக்குப் போகிறதா? அரசாங்கக் கட்டணம் என்றால் அதற்கு ரசீது எங்கே? இது இல்லாமல் பைக்கைத் தருவீர்களா, மாட்டீர்களா? பதிவுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் எடுக்கும் கட்டணம் ஒன்று. அதைச் செய்து கொடுப்பதற்குக் கடை எடுக்கும் கூலி வேறொன்று. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

பைக்கின் விலையில் பெரிதாகக் குறைக்க மாட்டார்கள். இறக்குமதிக் கம்பனி சொல்லும் விலையில்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். பேசிக் குறைக்க இடம் இருப்பது இந்தச் சில்லறைச் செலவுகளில்தான். ஏற்றுக்கூலியைக் குறைக்கச் சொல்லுங்கள். ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் இரண்டு ஹெல்மெட் கேளுங்கள். இலவச சேர்விஸ் என்றால் வேலைக்கூலி மட்டும் இலவசமா, ஒயிலும் சேர்த்தா என்று கேளுங்கள். சொன்ன விலையில் 18 வீத வற் வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். கடைசியில், "பைக் ரோட்டில் ஓடும்வரை மொத்தம் எவ்வளவு?" என்று ஒரே தொகையாகக் கொட்டேசனில் எழுதி, சீல் அடித்து வாங்குங்கள். அப்படி மூன்று கடையில் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் முற்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால், லீசிங் கிடைக்காவிட்டால் அந்தக் காசு திரும்பி வருமா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

இப்போது லீசிங்குக்கு வருகிறேன். பெரிய அடி இங்கேதான் விழுகிறது. கணக்குக்காக 4 இலட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் என்றால் மாதம் 15,500. ஐந்து வருடம் என்றால் 11,300. "அண்ணே, ஐந்து வருடமே போடுங்க, மாதம் 4,200 குறையுது" என்பார்கள். பெருக்கிப் பாருங்கள். 36 மாதத்தில் கட்டுவது 5,58,000. 60 மாதத்தில் கட்டுவது 6,78,000. வித்தியாசம் 1,20,000 ரூபாய். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட 89 நாள் பேர். ஏறக்குறைய நான்கு மாதம் மலையில் ஏறிக் கொழுந்தெடுத்த காசு.

வட்டியைச் சொல்வதிலும் ஒரு வித்தை இருக்கிறது. "12 வீதம்தான்" என்பார்கள். நாம் மாதாமாதம் கடனைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வருகிறோம். அவர்கள் கடைசி மாதம்வரை முழு 4 இலட்சத்துக்கும் 12 வீதம் போடுகிறார்கள். மூன்று வருடக் கடனுக்கு அது உண்மையில் 21 வீதத்தைத் தாண்டும். ஆகவே, "குறைந்து வரும் மீதிக்கு வட்டி எத்தனை வீதம்? கடைசித் தவணைவரை மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். இடையில் முழுவதையும் கட்டி முடித்தால் எவ்வளவு கழிப்பீர்கள், ஒரு தவணை பிந்தினால் எவ்வளவு தண்டம் என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று. லீசிங் முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் கம்பனிதான். தவணை தவறினால் பைக்கை எடுத்துப் போவார்கள். பிணைக் கையொப்பம் போட்ட பக்கத்து லயத்து அக்காவையும் தேடி வருவார்கள். சிநேகிதத்துக்காகப் பிணை நிற்கிறவர்கள், அந்தக் கடன் தன் கடன் என்று நினைத்து, முழுத் தொகையையும் கேட்டுவிட்டுக் கையொப்பம் போடுங்கள். பத்திரம் தமிழில் இல்லாவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளங்காத பத்திரத்திலும், இடம் காலியாக விட்ட பத்திரத்திலும் கையொப்பம் வேண்டாம். வைத்த ஒவ்வொரு பத்திரத்துக்கும் பிரதி வாங்குங்கள்.

ரசீது கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. கடையைப் பற்றிய முறைப்பாட்டுக்கு அந்த அதிகாரசபையின் 1977 இலக்கம் இருக்கிறது. லீசிங் கம்பனியைப் பற்றி என்றால் மத்திய வங்கியின் 1935.

தோழர்களே, தொழிற்சங்கத்தில் நாம் படித்த முதல் பாடம், தனியாகப் பேசினால் துரைக்குக் கேட்காது என்பது. கடையிலும் அதுவே. ஒரே மாதத்தில் ஒரு தோட்டத்தில் நான்கு பேர் வாங்குவதாக இருந்தால் நான்கு பேரும் சேர்ந்து போங்கள். நான்கு பைக் விற்க வேண்டிய கடைக்காரர் பேச்சுக்கு வருவார். வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். தவணை கட்டும் காசில் பாதி அவர்கள் பறித்த கொழுந்து. அன்றைக்கே முடிவு சொல்லச் சொன்னால், "வீட்டில் பேசிவிட்டு வருகிறோம்" என்று எழுந்து வாருங்கள். நல்ல விலை நாளைக்கும் இருக்கும்.

கையொப்பம் போடுவதற்கு முன்னால் கொட்டேசனையும் லீசிங் பத்திரத்தையும் சங்கக் காரியாலயத்துக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாக வாசித்துப் பார்ப்போம். கையொப்பத்துக்குப் பிறகு வருகிறவர்களுக்கு எங்களால் செய்யக்கூடியது குறைவு.