நாக்கு அனுப்பும் சேதி
(தோட்ட நலன்புரிக் கூட்டமொன்றில் பேசியது)



காலையில் மலைக்குப் போகுமுன் ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்கிறோம். சீனி இனிக்கிறது, சாயம் கொஞ்சம் கசக்கிறது. இந்த ருசி எப்படித் தெரிகிறது?

நாக்கிலே சுவை மொட்டுகள் இருக்கின்றன. ஒரு மொட்டில் 50 முதல் 100 கலங்கள் வரை உண்டு. சீனி வந்து பட்டதும் கலம் தன் வாசலைத் திறந்து ஏ.டி.பி. என்ற இரசாயனத்தை வெளியே விடுகிறது. பக்கத்திலுள்ள நரம்பு அதை வாங்கி மூளைக்குச் சேதி சொல்கிறது. மலையேறும்போது நம் தசைக்குச் சக்தி கொடுக்கிறதும் இதே ஏ.டி.பி. தான். அதை வாங்கும் வாசல் நரம்பில் இல்லாத எலிகளுக்கு இனிப்பும் கசப்பும் ஏறக்குறையத் தெரியாமலே போனதை 2005ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டார்கள்.

நரம்பும் சும்மா வாங்கிக்கொண்டிருப்பதில்லை, திருப்பிச் சேதி அனுப்புகிறது. சுவைக் கலத்தின் ஆயுசு பத்து நாள், மிஞ்சினால் சில வாரம். கவ்வாத்து வெட்டிய செடி மாதிரி ஓயாமல் துளிர்க்க வேண்டும். அதற்கு நரம்பின் சேதி வேண்டும். நரம்பு அறுந்தால் மொட்டு வாடிவிடும். சூடான தேத்தண்ணி பட்டு வெந்த நாக்கு சில நாளில் சரியாவது இந்தத் துளிர்ப்பினால்தான்.

லயத்துக்குப் போனால், "என்னாங்க ஐயா, சோறு மண்ணு மாதிரி இருக்கு" என்று வயசானவர்கள் சொல்கிறார்கள். பழி மருமகள் தலையில்! அவள் பாவம், அதே உப்புத்தான் போடுகிறாள். வயசு, தடிமன், சத்துக்குறைவு, சில பிரஷர் மாத்திரைகள் எல்லாம் ருசியைக் குறைக்கும். 2020இல் கொரோனா வந்தபோதும் பலருக்கு வாசனையும் ருசியும் போனது. ருசி இல்லையென்று உப்பை அள்ளிப் போட்டால் பிரஷர் ஏறும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது, டாக்டரிடம் சொல்லுங்கள். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

அடுத்தது வெத்திலைப் பை. குளிருக்கும் பசிக்கும் போடுகிறோம் என்பீர்கள், எனக்கும் தெரியும். ஆனால் பொயிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்தது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்றுநோய்தான்.

முன்பு சாதாரணமாகச் சாப்பிட்ட சம்பல் இப்போது வாயில் எரிகிறதா? மூன்று விரல் நுழையுமளவு வாய் திறக்க முடியவில்லையா? கன்னத்தின் உள்ளே வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிகிறதா? மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருக்கிறதா? வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள், தொடக்கத்தில் வலிக்காது. தோட்ட டிஸ்பென்சரியில் காட்டுங்கள், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குத் துண்டு தருவார்கள். சம்பளம் போகுமே என்று தயங்குகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். ஒரே நாளில் எல்லாரையும் சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்வோம்.