கடைசி வாங்கிலிருக்கும் கெட்டிக்காரன்

(வடபகுதிக் கிராமமொன்றின் வாசிகசாலையில், புலமைப்பரிசில் தேர்வில் சித்தியெய்திய பிள்ளைகளைப் பாராட்டுமுகமாகக் கூட்டப்பெற்ற கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)

    

மாலை சூடி இம்மேடையில் வீற்றிருக்கும் பிள்ளைகளை நான் மனமார வாழ்த்துகின்றேன். அவர்களுடைய உழைப்பையோ, அவர்களுக்காகக் கண்விழித்த தாய்மாரின் உழைப்பையோ குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால், மேடையில் இல்லாத பிள்ளைகளைப் பற்றிப் பேசவே இன்று எழுந்து நிற்கின்றேன். அதோ, வாசலிலே செருப்புகளுக்கு அருகில் நின்று எட்டிப் பார்க்கின்றார்களே, அந்தப் பிள்ளைகள்! அவர்களுள்ளே மதிநுட்பம் மிக்கவர் ஒருவரும் இல்லையென்று இக்கூட்டத்தில் எவராவது துணிந்து கூற முடியுமா? நான் கூறமாட்டேன். ஒரு முறை அவ்வாறு கூறிப் பெரும் பிழை செய்தவன் நான்.

நான் செய்த பிழை

1990களின் முற்பகுதி. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாயிருந்த காலம். என் வகுப்பின் கடைசி வாங்கிலே ஒரு சிறுவன் இருந்தான். கையெழுத்தோ கோழி கிளறியது போல. வீட்டுப்பாடம் செய்து வருவதில்லை. ஒரு நாள் நீண்ட பிரித்தற்கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதினேன். நான் எழுதி முடித்துத் திரும்புமுன் விடை கடைசி வாங்கிலிருந்து வந்தது. செய்கை வழி எங்கே என்று கேட்டேன். அவன் விழித்தான். அடுத்தவனைப் பார்த்துச் சொன்னான் என்று தீர்மானித்து, வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தினேன்.

அவன் தந்தையார் வெங்காயச் செய்கைக்காரர். ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் இயந்திரம் எவ்வளவு நேரம் ஓடும், அவ்வளவு நேரத்தில் எத்தனை பாத்திக்கு நீர் பாயும், மீதிப் பாத்திகளுக்கு இன்னும் எத்தனை போத்தல் வேண்டும் என்று நாள்தோறும் மனத்திலே கணக்கிட்டுத் தந்தைக்குச் சொன்னவன் அச்சிறுவனே என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தேன். புலமைப்பரிசில் தேர்வில் அவன் சித்தியெய்தவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பும் நின்றது. இன்று நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்துகின்றான். மற்றோர் கைவிட்ட இயந்திரங்கள் அவன் பட்டறையில் உயிர் பெறுகின்றன. அண்மையில் ஒரு நாள் என்னிடம் சொன்னான்: "சேர், நான் கெட்டிக்காரன் எண்டு அந்த நாளையில ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

அன்பர்களே! அவன் செய்யுந் தொழில் இழிந்ததன்று. என்னை வருத்துவது வேறு. எந்தத் தொழிலுக்குச் செல்வது என்று தெரிந்தெடுக்கும் உரிமை அவனுக்கு வாய்க்கவில்லை. அவ்வுரிமையைப் பறித்தவர்களுள் நானும் ஒருவன்.

தேர்வு எதற்காகப் பிறந்தது?

கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த கல்விச் சிறப்புக் குழு 1943 ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. 1945 ஒக்டோபர் முதலாம் நாள் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டுப்புறங்களிலே மத்திய வித்தியாலயங்கள் எழுந்தன. ஏழைக் குடியானவனின் பிள்ளை திறமையுடையதாயின், அதனைத் தேடிக் கண்டு, உணவும் உறைவிடமும் அளித்து, அவ்வித்தியாலயங்களிற் படிப்பிக்க வேண்டும் என்பதே புலமைப்பரிசில் தேர்வின் உயரிய நோக்கமாகும்.

இன்று நிலை யாது? ஆண்டுதோறும் ஏறக்குறைய 3 இலட்சம் பிள்ளைகள் இத்தேர்வை எழுதுகின்றனர். 2024 ஆம் ஆண்டில் வெட்டுப்புள்ளிக்கு மேற்பெற்றோர் அவர்களுள் ஆறில் ஒரு பங்கினர் அளவினரே. பெயர்பெற்ற பாடசாலைகளின் வாயிற்கதவைத் திறக்கும் திறவுகோலாக இத்தேர்வு மாறிவிட்டபடியால், மூன்றாம் வகுப்பிலேயே தனியார் வகுப்பு தொடங்கிவிடுகின்றது. பணமுள்ளவன் பிள்ளை பழைய வினாத்தாள்களை நூற்றுக்கணக்கிற் செய்து பழகுகின்றது; கூலிக்குச் செல்பவன் பிள்ளை தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டிலிருக்கின்றது. 2024 ஆம் ஆண்டுத் தேர்வின் வினாக்கள் சில முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. பத்து வயதுப் பிள்ளைகளின் தேர்வு நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றத்தின் படியேற வேண்டிய நிலைக்கு நாம் வந்துவிட்டோம்!

தேர்வை ஒழித்துவிடுக என்று நான் சொல்லவில்லை. ஏழைப் பிள்ளைக்கு இருக்கும் சில வழிகளுள் அதுவும் ஒன்று. ஆனால் ஒரு காலைப்பொழுதின் இரு வினாத்தாள்களை மாத்திரம் நம்பி, ஐந்தாண்டுகளாகப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாம் கண்மூடியிருத்தல் தகுமா என்றே கேட்கின்றேன்.

பிறநாட்டார் கற்ற பாடம்

இவ்வழியிலே பிறநாட்டார் பட்டறிந்தவற்றை நாம் அறிதல் நன்று. அறிவை அளக்கும் சோதனையை முதன்முதல் ஆக்கியோர் பிரான்சு தேசத்து அல்பிரட் பினேயும் அவர்தம் துணைவர் சீமோனும் ஆவர். ஆண்டு 1905. பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுதற்கே அவர்கள் அதனை ஆக்கினர். பிள்ளையின் அறிவு கூட்டவோ குறைக்கவோ முடியாத ஒன்று என்ற கொள்கையைப் பினே கடுமையாக மறுத்தார்.

அச்சோதனையை அமெரிக்காவிலே விரிவாக்கிய தேர்மன் என்னும் பேராசிரியர், 1921 ஆம் ஆண்டு தொடங்கிக் கலிபோர்ணியாவில் ஏறத்தாழ 1,500 மதியூகப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, அவர்தம் வாழ்நாள் முழுவதையும் ஆராய முற்பட்டார். அத்தெரிவிற் சோதிக்கப்பெற்றுப் புள்ளி போதாதென்று விலக்கப்பட்ட சிறுவர் இருவர். ஒருவர் வில்லியம் சொக்லி. மற்றவர் லூயி அல்வரெஸ். முன்னவர் 1956 இலும், பின்னவர் 1968 இலும் பௌதிகத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர். கைதேர்ந்த அறிஞரின் சல்லடையே அத்தகைய இருவரைத் தவறவிட்டதென்றால், நம்முடைய சல்லடை எத்தனை பேரைத் தவறவிட்டிருக்கும்?

இன்னொன்றும் கேளுங்கள். புளோரிடா மாநிலத்துப் பிறவாட் என்னும் பெரிய கல்வி வட்டாரத்தில், ஆசிரியரோ பெற்றாரோ பரிந்துரைக்கும் பிள்ளைகளே மதியூகிகளுக்கான வகுப்புக்குச் சோதிக்கப்பட்டு வந்தனர். 2005 ஆம் ஆண்டளவில் அம்முறையை மாற்றி, இரண்டாம் வகுப்பிலிருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும், மொழியறிவு வேண்டாத, உருவங்களைக் கொண்டே அமைந்த சோதனையொன்றை நடத்தினர். நிகழ்ந்தது என்ன? ஏழைப் பிள்ளைகளும், கறுப்பினப் பிள்ளைகளும், வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளும் முன்னையினும் பன்மடங்காகக் கண்டறியப்பட்டனர். அப்பிள்ளைகள் முன்னரும் அதே வகுப்புகளில் இருந்தவர்களே. பார்ப்பதற்குத்தான் ஆளில்லாதிருந்தது. பின்னர்ப் பணமுடை வந்து அத்திட்டம் சுருங்கியபோது, பழைய ஏற்றத்தாழ்வும் திரும்பி வந்தது.

இதனை நம் நாட்டோடு பொருத்திப் பாருங்கள். மலையகத்துத் தோட்டப் பாடசாலைகள் பெருமளவில் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கியதே 1970களிலேதான். லயன் அறையிலே, விளக்கின் கீழ் இடமின்றிப் படிக்கும் பிள்ளையும், வன்னியிலே இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எழுத்தை இடையில் விட்ட பெற்றாரின் பிள்ளையும் பரிந்துரைப்பார் எவருமின்றியே இருக்கின்றனர்.

கண்டறிந்தாற் போதுமா?

கண்டறிவது பாதி வேலையே. கும்பகோணத்திலே வளர்ந்த இராமானுசனின் கதையை நினைத்துப் பாருங்கள். 1897 ஆம் ஆண்டில், பத்து வயதை அண்மிய நிலையில், ஆரம்பப் பள்ளித் தேர்விலே தஞ்சை மாவட்டத்தில் முதல்வராக அவர் வந்தார். தேர்வு அவரைத் தவறவிடவில்லை. பின்னர் 1904 இல் கல்லூரிக்குப் புலமைப்பரிசிலோடு சென்றார். கணக்கிலேயே மூழ்கியிருந்து ஏனைய பாடங்களிற் கோட்டைவிட்டார், பரிசில் பறிபோயிற்று. பட்டம் பெறாத அவர் சென்னைத் துறைமுகத்திலே எழுதுவினைஞராக அமர்ந்தார். 1913 இல் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உரிய கண்ணிற் பட்டது. 1918 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1920 இல், 32 வயதிலே மறைந்தார். ஒரு துறையில் வானளாவும் பிள்ளையை எல்லாத் துறையிலும் ஒரே அளவுகோலால் அளந்தமையாற் கழிந்த ஆண்டுகளை யார் அவருக்குத் திருப்பிக் கொடுப்பார்?

அடையாளங்கள் எவை?

ஆசிரியத் தோழர்களே! மதிநுட்பம் மிக்க பிள்ளை எப்போதும் முதல் வாங்கில் அடக்கமாக அமர்ந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். அது ஓயாது கேள்வி கேட்கும். சொல்லிக் கொடுத்த வழியை விட்டுத் தன் வழியிலே விடைக்குச் செல்லும். ஒரு முறை சொன்னதைப் பற்றிக்கொள்ளும். பத்தாம் முறை சொல்லும்போது சலித்து, அடுத்த பிள்ளையைச் சீண்டும். அதனைக் குழப்படி என்று பதிவு செய்கின்றோம். இன்னொரு பிள்ளை வாய் திறவாதிருக்கும்; ஆயின் அதன் கொப்பியின் கடைசிப் பக்கத்திலே வியத்தகு படங்கள் இருக்கும். வேறொரு பிள்ளைக்கு எழுத்துக்கள் தடுமாறும். ஆயின் கதையைச் சொல்லக் கேட்டால் வகுப்பே வாய்பிளந்து நிற்கும். பெண்பிள்ளையோ, தனக்குத் தெரியும் என்பதையே மறைத்துக்கொள்ளப் பழகியிருக்கும்.

றென்சூலி என்னும் அமெரிக்க அறிஞர் 1978 ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாக்கினார். சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், புதியது படைக்கும் இயல்பு, எடுத்த கருமத்தை விடாத பிடிப்பு ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் இடத்திலேயே மேன்மை பிறக்கின்றது என்றார். இவற்றுள் முதலாவதில் ஒரு பகுதியையே தேர்வுத்தாள் தொடுகின்றது. மற்றை இரண்டையும் காணவல்ல கருவி, நாள்தோறும் பிள்ளையைப் பார்க்கும் ஆசிரியரின் கண்ணேயாகும்.

நாம் செய்யக்கூடியவை

இவையெல்லாம் பெரும் பணம் வேண்டும் காரியங்கள் என்று எண்ணற்க. முதலாவது, ஒரு பாடத்தைத் தொடங்குமுன் அதிலிருந்து நாலைந்து வினாக்களை எல்லாப் பிள்ளைகளிடமும் கேளுங்கள். ஏலவே தெரிந்த பிள்ளையை அதே கணக்கை முப்பது முறை செய்விக்காதீர்கள். அந்நேரத்தில் அதனினும் ஆழமான ஒன்றைக் கொடுங்கள். அதிக வேலையன்று, அரிய வேலை! கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து வரைபு கீறட்டும். ஊரிலுள்ள மரங்களின் பெயர்களைத் திரட்டட்டும். பாட்டியிடம் பழமொழி கேட்டுத் தொகுக்கட்டும். கணக்கில் மட்டும் முந்தும் பிள்ளை கணக்குப் பாடத்துக்கு மாத்திரம் மேல்வகுப்பிற் சென்று அமரட்டும்.

இரண்டாவது, முதலாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு வையுங்கள். புள்ளிகளை அன்று, அப்பிள்ளை செய்து நம்மை வியக்கவைத்தவற்றை அதில் எழுதுங்கள். வகுப்பு மாறும்போது அடுத்த ஆசிரியர் கையில் அதனை ஒப்படையுங்கள். அன்று அத்தகைய குறிப்பேடொன்று என் கையில் இருந்திருப்பின், அச்சிறுவனை நான் வாங்கின் மேல் ஏற்றியிருக்கமாட்டேன்.

மூன்றாவது, இவ்வூரிற் பிறந்து மருத்துவராயும், பொறியியலாளராயும், சட்டத்தரணியாயும் விளங்கும் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். பரிசளிப்பு விழாவுக்கு வந்து பொன்னாடை பெற்றுச் செல்வதோடு அமையாது, மாதத்தில் ஒரு சனிக்கிழமையை இவ்வாசிகசாலைக்குத் தாருங்கள். ஒரு நுணுக்குக்காட்டியைக் கொண்டுவந்து, குளத்து நீரின் ஒரு துளியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சித்தியெய்தியவர்கள் மட்டும் வருக என்று வாசலில் எழுதாதீர்கள்.

நான்காவது, கமக்காரத் தோழர்களே, உங்களிடம். விதைநெல்லைத் தெரிவதற்கு வரம்பிலே நின்று கதிர் கதிராகப் பார்ப்பவர்கள் நீங்கள். உங்கள் பிள்ளை எதைக் கேட்கின்றது, எதைச் செய்யும்போது சாப்பாட்டை மறக்கின்றது என்பதையும் அவ்வாறே பாருங்கள். பார்த்ததை வந்து ஆசிரியரிடம் சொல்லுங்கள். "எங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கி நிற்காதீர்கள். அன்று அச்சிறுவனின் தந்தை வந்து மண்ணெண்ணெய்க் கணக்கை என்னிடம் சொல்லவில்லை. அவரை வரவழைத்துக் கேட்க வேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை.

மதியூகிகளைத் தேடினால் மற்றைப் பிள்ளைகள் புறக்கணிக்கப்படுவர் என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் நியாயமானதே. ஆகவேதான் சிலரைப் பிரித்து முத்திரை குத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லாரையும் பாருங்கள் என்றே கேட்கின்றேன். எல்லாப் பிள்ளையையும் உற்றுப் பார்க்கும் ஆசிரியர், பின்தங்கிய பிள்ளையின் இடர்ப்பாட்டையும் அதே பார்வையில் காண்பார்.

நிறைவாக ஒன்று. இக்கூட்டம் முடிந்ததும் மேடையிலுள்ள பிள்ளைகளுக்குப் பரிசு வழங்கப்படும். அப்பொழுது வாசலில் நிற்கும் பிள்ளைகளையும் உள்ளே அழையுங்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும், "உனக்கு என்ன செய்ய விருப்பம்?" என்று கேளுங்கள். விடையைக் குறித்து வையுங்கள். நாளை காலையிலிருந்து அவ்விடைக்கு ஏற்ப ஏதேனுமொன்றைச் செய்யுங்கள். வாழ்நாளிலே ஒரு பிள்ளையைத் தவறவிட்ட கிழவன் உங்களிடம் கேட்பது இவ்வளவே.