பழங்கருவியின் நினைவைப் படியெடுப்போம்

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டி நடந்த தொழிற்கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் ஒரு தலைமையாசிரியன் கல்வியின் பெருமையைப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளோ, பழைய சோதனைக் கருவி ஒன்றின் உள்ளே இருக்கும் ஓர் உள்ளங்கையகலப் பெட்டியைப் பற்றியது. பி.ஏ., பி.எட். படித்த உமக்கும் மின்னணுக் கருவிக்கும் என்னய்யா உறவு என்று கேட்பீர்கள். நான் செய்த ஒரு பிழையே அந்த உறவு. அதனை இம்மன்றத்தில் ஒப்புக்கொள்வது என் கடமை.

1971ஆம் ஆண்டில் சிப்காட் நிறுவனம் தோன்றியது. அதனை அடுத்து நம் ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தது. டி.வி.எஸ். வந்தது, அசோக் லேலண்ட் வந்தது, டைட்டன் கடிகார ஆலை வந்தது. அவ்வாலைகளின் அடித்தளத்துக்குக் கல் சுமந்தவர்களில் நம் தந்தையர் உண்டு, தாய்மார் உண்டு. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் முடித்து, அதே ஆலைகளின் சோதனை மேசைகளில் அமர்கின்றனர். ஒரு மின்சுற்று நன்றா பழுதா என்று தீர்ப்புச் சொல்லும் இடம் அது. அங்கே முதன்மையான கருவி ஆசிலாஸ்கோப். கண்ணுக்குப் புலப்படாத மின்னழுத்தத்தின் ஏற்றத் தாழ்வைக் கோடாக வரைந்து காட்டுவது.

1990களின் பிற்பகுதியில் இக்கருவிகளிற் பல, உள்ளுக்குள் கணிப்பொறிகளாகவே மாறின. டெக்ட்ரானிக்ஸ் கருவிகளிலும் இன்ஃபினியம் வரிசைக் கருவிகளிலும் விண்டோஸ் 98, விண்டோஸ் எக்ஸ்பி முதலியவை இயங்கின. அவை குடியிருந்த இடம் ஹார்ட் டிஸ்க் என்னும் வன்தட்டு. தயாரித்தவர் பெயர்கூட நிலைத்ததில்லை. ஹியூலெட் பேக்கார்டின் அளவீட்டுக் கருவிப் பிரிவு 1999இல் அஜிலென்ட் ஆயிற்று. 2014இல் கீசைட் ஆயிற்று. விண்டோஸ் 98க்கான ஆதரவு 2006இலும், எக்ஸ்பிக்கான ஆதரவு 2014இலும் நின்றன. ஆனால் கருவியின் அளக்கும் திறன் அதனால் அழிந்துவிடவில்லை. புதியது வாங்கப் பல இலட்சம் ஆகும். ஆலை கழித்த பழையதே நம்போன்றோர்க்குக் கிடைக்கும் பள்ளிக்கூடம்.

அப்படி ஒரு கருவி, சில ஆண்டுகளுக்கு முன், நம் மாலைப் பயிற்சி வகுப்புக்கு நன்கொடையாக வந்தது. என் பழைய மாணவர் ஒருவர், ஆலையொன்றின் சோதனைப் பிரிவில் இருப்பவர், ஞாயிறுதோறும் வந்து கற்பித்தார். முதல் மாதமே அவர், “ஐயா, இதன் ஹார்ட் டிஸ்க் மிகப் பழையது. ஒருநாள் என்னிடம் விடுங்கள், ஒரு படி எடுத்து வைத்துவிடுகிறேன்” என்றார். “நன்றாக ஓடுகிறதே தம்பி, அதை ஏன் பிரிக்க வேண்டும்? தேர்வு முடியட்டும்” என்றேன் நான். தேர்வு முடிந்தது, அடுத்த தேர்வும் வந்தது. ஒருநாள் மாலை, பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, கருவிக்குள் டிக், டிக் என்று ஓர் ஒலி எழுந்தது. திரை கறுத்தது. பிறகு அது எழவில்லை.

அதே வகைக் கருவி வைத்திருந்த பெங்களூருப் பழுதுபார்ப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரிடமிருந்த படியைக் கொண்டு நான்கு மாதம் கழித்து அதனை எழுப்பினார் என் மாணவர். எனினும், கூடுதல் வசதிகள் சிலவற்றைத் திறக்கும் எண்கோவை, அழிந்த தட்டோடு அழிந்தது. அதை எவரும் தாளில் குறித்து வைக்கவில்லை. அந்த நான்கு மாத இடைவெளியில் ஆலை நேர்முகத்துக்குச் சென்ற மாணவி ஒருத்தி, “ஆசிலாஸ்கோப்பை நீயே இயக்குவாயா?” என்ற வினாவின்முன் தயங்கி நின்றதாக வந்து சொன்னாள். அந்தத் தயக்கம் என் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

அன்பர்களே! வன்தட்டு என்பது சுழலும் பொருள். நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழலும் தட்டின்மேல், தலைமயிரின் பருமனைவிடப் பன்மடங்கு சிறிய இடைவெளியில் படிக்கும் முனை மிதக்கிறது. சுழலும் பொருள் தேயும். தேய்ந்தது ஒருநாள் நிற்கும். நிற்குமா என்பது வினாவன்று. என்றைக்கு என்பதே வினா. ஆகவே ஓடும்போதே படியெடுக்க வேண்டும். என் மாணவர் எனக்குக் கற்பித்ததை, முறையாக உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, கருவியின் தொடரெண், மென்பொருளின் பதிப்பெண், வசதிகளைத் திறக்கும் எண்கோவை ஆகியவற்றைத் திரையில் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

இரண்டாவது, மின்னிணைப்பைப் பிளக்கிலிருந்தே எடுத்துவிட்டுச் சற்று நேரம் பொறுங்கள். உள்ளே உயரழுத்த மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். வழிகாட்டும் ஒருவர் உடனில்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். கேபிள்கள் இருந்த நிலையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தட்டைக் கழற்றி, ஐ.டி.இ. இணைப்பை யு.எஸ்.பி.யாக மாற்றும் அடாப்டர் வழியே வேறு கணிப்பொறியில் பொருத்துங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் இவ்வடாப்டர் கிடைக்கும். அக்கணிப்பொறி “ஃபார்மட் செய்யட்டுமா?” என்று கேட்டால், வேண்டாம் என்பதே விடை. ஒப்புக்கொண்டால் உள்ளதும் போகும்.

நான்காவது, கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டால் போதாது. கருவி எழுவதற்கான தொடக்கப் பகுதியும் மறைந்துள்ள பகுதிகளும் அதில் வாரா. தட்டின் முதல் பகுதி முதல் இறுதிப் பகுதி வரை, உள்ளது உள்ளபடி ஒரே இமேஜாக எடுக்க வேண்டும். இதற்கு லினக்ஸில் விலையின்றிக் கிடைக்கும் டிடி என்னும் கட்டளை உண்டு. தட்டு நலிந்திருந்தால் டிடிரெஸ்க்யூ சிறந்தது. அது நல்ல பகுதிகளை முதலில் வாசித்துக் காப்பாற்றிவிட்டு, பழுதான பகுதிகளுக்குப் பிறகு மீண்டும் மீண்டும் முயலும். தேர்வில் தெரிந்த வினாக்களை முதலில் எழுதும் மாணவனைப் போன்றது அது.

ஐந்தாவதே தலையாயது. எடுத்த படியை, பழைய தட்டின் கொள்ளளவுக்குச் சற்றும் குறையாத வேறொரு தட்டில் இறக்கி, கருவியில் பொருத்தி, எழுகிறதா என்று பாருங்கள். சுழலும் பாகமற்ற காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையும் உரிய அடாப்டருடன் பல கருவிகளில் இவ்வேலையைச் செய்யும். ஓட்டிப் பாராத படி, திருத்தாத விடைத்தாள். எழுந்தபின் மூலத்தட்டைப் பெயரெழுதிப் பெட்டியில் வையுங்கள். படியோ ஒன்று போதாது. குறைந்தது ஒன்றேனும் வேறு ஊரில் இருக்கட்டும்.

இதனால் எல்லாம் காக்கப்பட்டது என்றும் எண்ணிவிடாதீர்கள். சில கருவிகளில் அளவுத்திருத்த எண்கள் தட்டில் இரா; பேட்டரியின் துணையால் உயிர்வாழும் நினைவகச் சில்லில் இருக்கும். டெக்ட்ரானிக்ஸ் டி.டி.எஸ். 500 வரிசை அத்தகையது. அந்தப் பேட்டரி தீருமுன் அச்சில்லுக்கும் தனியே படியெடுக்க வேண்டும்.

ஆலையில் பணிபுரியும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு சொல். உங்கள் மேசையில் உள்ள பழங்கருவியைப் பற்றி மேலதிகாரியிடம் எழுத்தில் தெரிவியுங்கள். எழுத்தில் அனுமதி வந்தபின் படியெடுங்கள். அப்படியை ஆலைக்குள்ளேயே வையுங்கள். தட்டில் ஆலையின் அளவீடுகளும் இருக்கும். சொல்லாமல் எடுத்துச் சென்ற படி கண்டுபிடிக்கப்பட்டால், பழி முதலில் எவர்மேல் விழும் என்பதை இம்மன்றத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெரியோர்களே! படியெடுத்தல் நமக்குப் புதிய தொழிலன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1914இல் அவர் மறைந்தார். அவ்வெழுத்தைக் காத்தவர் எவர்? நம் எல்லைக்கு அப்பால், கோலார் தங்கவயலில் வாழ்ந்த நம் மக்கள், அவர் கட்டுரைகளை நூல்களாக அச்சிட்டனர். 1926இல் அங்கிருந்தே ‘தமிழன்’ இதழை மீண்டும் நடத்தினர். 1999இல்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. பண்டிதர் மறைந்து 85 ஆண்டுகள்! இடைப்பட்ட காலத்தில் எவரோ சிலர் வீட்டுப் பெட்டியில் அவ்விதழ்களைப் பொத்தி வைத்திராவிடில், தொகுப்பதற்கு என்ன இருந்திருக்கும்?

இருப்பவனுக்கு இழப்பு ஒரு செலவு. இல்லாதவனுக்கு இழப்பே முடிவு. ஆலையில் தட்டு பழுதானால் வேறு கருவி வரும். நம் வகுப்பில் பழுதானால் ஓர் ஆண்டுப் பிள்ளைகளின் கல்வி போகும். ஆகவே படியெடுக்கும் பழக்கம் மற்றெவரையும்விட நமக்கே மிகுதியாக வேண்டும்.

சங்கத்தாரிடம் என் வேண்டுகோள் ஒன்றே. நம் பயிற்சிக் கூடத்திலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பதிவேட்டுப் பக்கம் ஒதுக்குக. படியெடுத்த நாள், எடுத்தவர் பெயர், ஓட்டிப் பார்த்த நாள், படிகள் இருக்கும் இரண்டு இடங்கள் ஆகியவற்றை அதில் எழுதுக. ஒருவருக்கு மட்டும் தெரிந்த வித்தையாகவும் இது நின்றுவிடக் கூடாது. ஆண்டுதோறும் இரு மாணவர் இதனைக் கற்றுத் தேற வேண்டும். கற்றவரும் ஒரு படிதானே!

முதற் பக்கத்தில், நான் தள்ளிப்போட்டதால் அழிந்த அந்தத் தட்டின் கதையை என் கையாலேயே எழுதித் தருகிறேன். அடுத்து வரும் தலைமையாசிரியர்க்கு அது பயன்படும்.