பாட்டுக்கு ஒரு வீடு: இணையப் பக்கத்திற்கு மென்பொருள் தேர்தல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் அரங்கேறிய கவிதைகளை இணையத்தில் ஏற்றிவைக்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். அதற்கு எந்த மென்பொருள் தகும் என்று ஆராயும் பொறுப்பை எனக்கு அளித்தீர்கள். கவிஞர் அவையில் கணிப்பொறிப் பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். இது பொறியைப் பற்றிய பேச்சன்று. பாட்டின் ஆயுளைப் பற்றிய பேச்சு.

முதலில் ஓர் இழப்பைச் சொல்லிவிடுகிறேன். என் நண்பர் ஒருவர், நல்ல கவிஞர், 2001ஆம் ஆண்டில் இலவசமாக இடந்தந்த ஒரு நிறுவனத்தில் தமக்கென ஒரு பக்கம் அமைத்தார். நாற்பதுக்கு மேற்பட்ட கவிதைகளை அதில் ஏற்றினார். தாளில் எழுதும் வழக்கத்தையே விட்டுவிட்டார். அவர் மறைந்த சில ஆண்டுகளில் அந்நிறுவனம் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. நான் ஒரு வட்டில் படியெடுத்து வைத்திருந்த பதினேழு கவிதைகளே எஞ்சின. அவற்றைப் புதிய கணிப்பொறியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகள் திரையை நிறைத்தன. அவர் கையாண்ட எழுத்துருவைத் தேடிப்பிடித்து, மாற்றி, பிழை திருத்தி முடிக்க மூன்று மாதங்கள் ஆயின. மற்றவை போயே போயின.

இது தனியொருவர்க்கு நேர்ந்த விபத்தன்று. இலட்சக்கணக்கானோர் பக்கம் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டபோது, தன்னார்வலர்கள் விரைந்து படியெடுத்தவை பிழைத்தன, ஏனையவை மறைந்தன. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பயன்பட்ட ஃபிரண்ட்பேஜ் மென்பொருளும் 2003ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றுபோயிற்று. ஒரு கருவியைத் தேரும்போது, உள்ளே புக எளிதா என்று கேட்கிறோம்; வெளியே வர எளிதா என்று கேட்க மறந்துவிடுகிறோம். நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். இதை மூன்று சோதனைகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதற்சோதனை எழுத்து. 1990களில் எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் முறைகள் வந்தன. தகுதரம் என்னும் டிஸ்கி முறையும் அக்காலத்ததே. இன்று உலகெங்கும் நிலைபெற்றிருப்பது ஒருங்குறி. தமிழ்நாடு அரசும் 2010இல் அதனை ஏற்றது. நம் ஆண்டு மலர்களை அச்சகத்தார் பழைய முறை எழுத்துருக்களில் கோத்திருக்கிறார்கள். அக்கோப்புகளை அப்படியே ஏற்றலாகாது. ஒருங்குறிக்கு மாற்றி, ஒருவர் படிக்க ஒருவர் ஒப்புநோக்க வேண்டும். ஔகாரம் வரவேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் நிற்பதைக் கண்தான் கண்டுபிடிக்கும்.

இரண்டாம் சோதனை அடி. வலைப்பக்கத்தின் மொழியாகிய எச்.டி.எம்.எல். நாம் இடும் வரிமுறிவையும் அடுத்தடுத்த இடைவெளிகளையும் ஒரே இடைவெளியாகச் சுருக்கிவிடும். பல மென்பொருள்களில் என்டர் விசையைத் தட்டினால் புதிய பத்தி பிறக்கும். அடிகள் விலகி, நான்கடி வெண்பா நான்கு தனிப்பாட்டுப் போலத் தோன்றும். ஷிஃப்ட் விசையோடு சேர்த்துத் தட்டினால்தான் அடி மட்டும் மடங்கும். கைபேசியின் குறுகிய திரையிலோ நாற்சீரடி இரண்டாக உடைகிறது. உடைந்த பகுதி சற்று உள்தள்ளி நிற்குமாறு அமைக்க இயலவேண்டும். இல்லையேல் ஈற்றடி முச்சீராய் முடியும் அழகு யார் கண்ணுக்குப் புலப்படும்? ஆகவே எந்த மென்பொருளாயினும் ஒரு வெண்பாவையும் ஒரு புதுக்கவிதையையும் இட்டுக் கைபேசியில் பார்த்த பின்னரே ஏற்கவேண்டும்.

மூன்றாம் சோதனை வெளியேறும் வழி. நம்முன் மூன்று வகைகள் உள்ளன. மாத வாடகைக்குக் கிடைக்கும் ஆயத்தத் தளங்கள் மிக எளியவை. ஆனால் அங்கே அமைத்த வடிவத்தைப் பெரும்பாலும் பெயர்த்துக்கொண்டு வர இயலாது. 2003இல் தோன்றிய வேர்டுபிரஸ் திறந்த மூல மென்பொருள். பலர் சேர்ந்து எழுதலாம். எழுதியதை மொத்தமாக வெளியே எடுக்கலாம். ஆனால் அதையும் அதன் துணை மென்பொருள்களையும் அவ்வப்போது புதுப்பிக்காவிடில் அயலார் புகுந்துவிடுவர். மூன்றாவது, ஹியூகோ, ஜெகில் போன்றவை. வெறும் உரைக்கோப்புகளிலிருந்து பக்கங்களை ஆக்கித் தருபவை. பராமரிப்புக் குறைவு, கற்க உழைப்பு மிகுதி.

என் பரிந்துரை இது. நம்மில் கவிதை ஏற்றவிருப்போர் பலர். பொறியியல் அறிந்தோர் சிலர். எனவே, துணை மென்பொருள்கள் மிகக் குறைந்த வேர்டுபிரஸைக் கொள்வோம். ஆனால் மூலப்படி அதில் இருக்கலாகாது. ஒவ்வொரு கவிதையும் ஒருங்குறியில், எளிய உரைக்கோப்பாக, இரு உறுப்பினர் வீடுகளில் இருக்கட்டும். தளத்தின் பெயர் வட்டத்தின் பெயரில் பதிவாகட்டும். கடவுச்சொல்லை இருவர் அறிந்திருக்கட்டும். பதிவைப் புதுப்பிக்கும் நாள் நம் நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏறட்டும்.

எளிமையே நீடிக்கும் என்பதற்குச் சான்று உண்டு. டிம் பெர்னர்ஸ் லீ அமைத்த முதல் வலைத்தளத்தின் பக்கங்களை இன்றைய உலாவியிலும் படிக்கலாம். அவை அத்துணை எளிய அமைப்பின.

ஓலை செல்லரிக்கும் என்று அறிந்த நம் முன்னோர், ஏட்டைத் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதினர். அவ்வாறு எழுதப்பட்டவையே உ.வே.சாமிநாதையர் கைக்கு எட்டின, நமக்கும் எட்டின. மென்பொருளும் ஓலைதான். அது மாறும்போதெல்லாம் பெயர்த்தெழுத ஒரு கை வேண்டும். அந்தப் பதினேழு கவிதைகளையும் நம் தளத்தில் முதலில் ஏற்ற இசைவு தருமாறு வேண்டி, என் உரையை நிறைவு செய்கிறேன்.