கெண்டி என்னும் சொல்

வீட்டில் ஒரு பாத்திரம் வழக்கொழிந்தால், நாளடைவில் அதன் பெயரும் நாவை விட்டு நீங்கிவிடுகிறது. அவ்வாறு நீங்கி வரும் சொற்களுள் ஒன்றாகிய ‘கெண்டி’யைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

கெண்டி என்பது மூக்குடைய நீர்க்கலம். வயிறு உருண்டு, கழுத்துக் குறுகி, பக்கத்தில் ஒரு சிறு குழாயோடு அமைந்திருக்கும். அக்குழாய் வழியே நீர் மெல்லிய தாரையாக விழும். உதட்டிற் படாமல் அண்ணாந்து பருகும் நம்மவர் வழக்கத்துக்கு இது மிகப் பொருத்தமான கலம். கேரளத்தில் இதனைக் ‘கிண்டி’ என்பர். வருவோர் கால் கழுவ நீர் நிறைத்து வாயிற்புறத்தே வைப்பது அங்குள்ள பழைய வீடுகளின் மரபு. நாம் மூக்கென்று சொல்வதை அவர்கள் வாலென்று கண்டு, ‘வால்கிண்டி’ என்று பெயரிட்டனர்.

இச்சொல்லின் பிறப்பு யாது? வடமொழியில் ‘குண்டிகா’ என்பது நீர்க்கலத்தின் பெயர். அது தமிழில் ‘குண்டிகை’ என வந்து கமண்டலத்தைக் குறித்தது. அதன் திரிபே கெண்டி என்பது அறிஞர் கொள்கை. ஆயினும், வடமொழிக் ‘குண்ட’ என்பதற்கே மூலம், ஆழத்தையும் குழியையும் குறிக்கும் ‘குண்டு’ என்னும் திராவிடச் சொல் எனக் கருதுவாரும் உளர். ஆழ்ந்த அகழியைக் ‘குண்டகழி’ என்று நம் பழம்புலவர் வழங்கியதை இங்கு நினைக்கலாம். கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்னும் வழக்கு எளிதில் தீர்வதன்று.

இக்கலம் நம் நாட்டோடு நின்றுவிடவில்லை. 671-ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து கடல்வழியே இந்தியாவுக்குப் புறப்பட்ட இத்சிங் என்னும் பௌத்தத் துறவி, இங்குள்ள துறவியர் பருகுவதற்கு ஒன்றும் கழுவுவதற்கு ஒன்றுமாக இரு கலங்கள் வைத்திருந்ததை எழுதிவைத்துள்ளார். மலாய் மொழியிலும் சாவக மொழியிலும் இக்கலத்தின் பெயர் இன்றும் ‘கெண்டி’யே. அந்நாட்டினர் வாங்குவதற்கென்றே சீனரும் சப்பானியரும் பீங்கானில் கெண்டிகள் செய்து அனுப்பினர்.

நீர் வார்த்துக் கொடுப்பது நம் பழைய கொடைமுறை. ‘தாரை வார்த்தல்’ என்னும் தொடர் அதிலிருந்தே பிறந்தது. மாவலி மன்னன் வாமனனுக்குத் தாரை வார்க்க முற்பட்டபோது, சுக்கிராசாரியார் வண்டாகிக் கமண்டலத்தின் மூக்கை அடைத்த கதையை யாவரும் அறிவோம். மூக்கில்லாத செம்பில் அக்கதைக்கு இடமேது? அக்கலத்தைக் கண்டிராத குழந்தைக்குக் கதையின் சுவை பாதியே கிட்டும்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் இல்லங்களில் ஜக்கும் பாட்டிலும் வந்துவிட்டன. அவை பயனுள்ளவை, அவற்றை விலக்க வேண்டுவதில்லை. ஆனால் பெயர்களையும் தாரை வார்த்துவிட வேண்டுமா? மூக்குள்ள கலத்தை உங்கள் ஊரில் எவ்வாறு அழைத்தனர் என்று வீட்டிலுள்ள முதியோரை இன்றே கேளுங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு கேளுங்கள். கடல் கடந்தும் தன் பெயரை இழக்காத ஒரு கலம், பிறந்த வீட்டில் பெயரிழத்தல் முறையாகாது.